திம்பம் மேலே ராத்திரி போய்த் தங்கலாம் என்று புக் செய்யும் முன் இதைப் படியுங்கள்

போன மாதம், திம்பம் மலைப்பாதை ஏறினால் வருகிற ஆசனூர் பக்கம் ஒரு தங்கும் விடுதி வீடியோவைப் பார்த்து, குடும்பத்தோடு ஒரு ராத்திரி தங்க 7,000 ரூபாய் முழுசாக ஜிபேயில் அனுப்பினேன். பணம் போடும் முன்னால் ஒன்றை மட்டும் தெளிவாகக் கேட்டேன்: திருப்பூரில் சனிக்கிழமை சம்பள நாள், பனியன் கம்பெனியில் சம்பளம் போட்டு முடித்துக் கிளம்பவே ஏழு மணி ஆகிவிடும், ராத்திரியில் மலை ஏறலாமா என்று. "தாராளமா வாங்ணா, நைட் டிரைவ்ல யானையே பார்க்கலாம்" என்றார் விடுதிக்காரர்.

மலை அடிவாரத்தில் இருக்கிற பண்ணாரி செக்போஸ்டுக்குப் போய்ச் சேரும்போது மணி 9.15. வனத்துறைக்காரர் வண்டியை நிறுத்திவிட்டார். சத்தியமங்கலம் புலிகள் காப்பகத்துக்குள் போகிற ரோடு, விலங்குகள் அடிபடுகின்றன என்று நீதிமன்ற உத்தரவுப்படி 2022லிருந்து இரவு 9 மணிக்கு மேல் காலை 6 மணி வரை விடுவதில்லை, உள்ளூர்க்காரர்கள் என்றால் வேறு என்று பொறுமையாகவே சொன்னார். அவர் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. விடுதிக்காரருக்கு ஃபோன் போட்டால், "அது எல்லாருக்கும் தெரியுமேங்ணா, நீங்கதான் சீக்கிரம் வந்திருக்கணும், வராட்டி பணம் திரும்ப வராது" என்கிறார். மலை மேல் விடுதி நடத்துகிறவருக்குக் கேட் மூடுகிற நேரம் தெரியாமலா இருக்கும்? தெரிந்தேதான் வரச் சொல்லியிருக்கிறார். பின்சீட்டில் பிள்ளைகள் தூங்கிவிட்டார்கள், அப்பா வாயே திறக்கவில்லை. திரும்பிச் சத்திக்கே (சத்தியமங்கலம்) வந்து ஒரு லாட்ஜில் 1,800 ரூபாய் கொடுத்துப் படுத்தோம்.

சரி, வந்தது வந்துவிட்டோம் என்று காலை ஆறு மணிக்கே மலை ஏறினோம். அந்த ரோட்டை நான் குறையே சொல்ல மாட்டேன். பெரியவன் ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் போர்டைப் படித்து 27 வரை எண்ணி முடித்தான், மேலே போகப் போகக் கண்ணாடியை இறக்கினால் குளிர் முகத்தில் அடித்தது.

விடுதிக்குப் போனால், வீடியோவில் ஜன்னலுக்கு வெளியே இருந்தது தேயிலைத் தோட்டம், நேரில் இருந்தது முட்டைக்கோசுக் காடு, அதற்கும் அப்போதுதான் மருந்து அடித்துக்கொண்டிருந்தார்கள். அந்த நெடியில் ஜன்னலைத் திறக்க முடியவில்லை. எங்கள் ரூமில் வேறு ஆட்கள் தங்கி, கலைந்த பெட்ஷீட் அப்படியே கிடந்தது. அதாவது எங்களிடம் முழுப் பணத்தை வாங்கிக்கொண்டு, நாங்கள் வர மாட்டோம் என்று தெரிந்ததும் அதே ராத்திரி அதே ரூமை இன்னொருவருக்குக் கொடுத்திருக்கிறார். பாதியாவது கொடுங்கள் என்று கேட்டேன். முடியாது என்றவர், வீட்டுக்கு வந்து மெசேஜ் போட்டதும் என்னை பிளாக் செய்துவிட்டார். 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுத்திருக்கிறேன், இன்னும் ஒன்றும் நடக்கவில்லை. "ராத்திரி வரலாம்" என்று அவர் ஃபோனில்தான் சொன்னார், வாட்ஸ்அப்பில் எழுதி வாங்காமல் விட்டது இப்போது இடிக்கிறது. நீங்கள் கேட்பதை எழுத்தில் கேளுங்கள், பணத்தையும் முழுசாக அனுப்பாதீர்கள். வீடியோ காலில் ஜன்னலைத் திறந்து காட்டச் சொல்லுங்கள், மறுத்தால் விட்டுவிடுங்கள்.

நேற்று அதே தேயிலைத் தோட்ட வீடியோவை மறுபடி போட்டிருக்கிறார், "நைட் டிரைவ்" என்றுதான் எழுதியிருக்கிறார். இந்தச் சனிக்கிழமை திருப்பூர், கோபி பக்கமிருந்து யாராவது கிளம்புவதாக இருந்தால், சத்தி தாண்டும்போதே மணியைப் பாருங்கள். எட்டரை ஆகிவிட்டால் அங்கேயே தங்கிவிட்டு, விடிந்ததும் ஏறுங்கள்.