நாட்டு விதையா, ஹைப்ரிட் பாக்கெட்டா: இரண்டு விதைப்புப் பட்டம் பார்த்தவன் கணக்கு

எங்கள் வீட்டை ஒட்டி ஒன்றரை செண்ட் காலி மனை. திருச்சி, உறையூர்ப் பக்கம். சொந்தக்காரர் துபாயில் இருக்கிறார், அவருடைய அம்மா அதே தெருவில். "பார்த்தீனியம் மண்டிக் கெடக்குறதுக்கு நீயே ஏதாச்சும் போட்டுக்க தம்பி. வாரத்துல ரெண்டு நாளு எனக்குக் காய் குடுத்துடு" என்று பாட்டி சொன்னதுதான் எங்கள் குத்தகைப் பத்திரம். அதுவரை நான் வளர்த்த ஒரே செடி, தொட்டியில் தானாக முளைத்த துளசி.

ஆடி பிறக்கப் பத்து நாள் இருக்கும்போது விதை வாங்கக் கிளம்பினேன். உரக்கடையில் பளபளப்பான ஹைப்ரிட் பாக்கெட்டுகள். அதே வாரம் ஒரு கல்யாண மண்டபத்தில் விதைத் திருவிழா. அங்கே சின்னச் சின்னக் காகிதப் பொட்டலங்களில் நாட்டு விதை. எதை வாங்குவது என்று தெரியாமல் இரண்டையும் வாங்கினேன். ஹைப்ரிட் தக்காளி 60 ரூபாய், எண்ணினால் 25 விதை. நாட்டுத் தக்காளிப் பொட்டலம் 20 ரூபாய், எண்ணப் பொறுமை இல்லை, நூறுக்குக் குறையாது. கத்தரி, வெண்டை, மிளகாய், பீர்க்கு எல்லாவற்றிலும் இப்படியே ஒன்றுக்கு ஒன்று ஜோடி.

எல்லோரும் கேட்பதை முதலில் முடித்துவிடுகிறேன். விளைச்சலில் ஹைப்ரிட் முந்தும். காய் ஒரே அளவாக, ஒரே நேரத்தில் வரும். ருசியில் என் வீட்டு ஓட்டு நாட்டுக் கத்தரிக்கு, ஆனால் தக்காளியில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ரசத்தில் போட்டபின் யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள்? ஹைப்ரிட் என்றாலே மரபணு மாற்றிய விதை என்று ஒரு பயம் பரவிக் கிடக்கிறது, அது தப்பு. ஹைப்ரிட் என்பது இரண்டு வேறு வேறு பெற்றோர் செடிகளுக்கிடையே மகரந்தம் சேர்த்து எடுத்த முதல் தலைமுறை, அவ்வளவுதான். மரபணு மாற்றிய பி.டி. கத்தரியை மத்திய அரசு 2010-இலேயே நிறுத்தி வைத்துவிட்டது.

சரி, நான் எதைச் சொல்வேன்? முதல்முறை தோட்டம் போடுபவருக்கு நாட்டு விதைதான். ஆரோக்கியம், பாரம்பரியம் என்று வழக்கமாகச் சொல்லும் காரணங்களுக்காக இதைச் சொல்லவில்லை. முதல்முறை போடுபவர் விதையைக் கொல்லுவார். நான் கொன்றேன்.

25 ஹைப்ரிட் விதையையும் ஒரே நாளில், ஒரே தட்டில், விரல் முழுக்க உள்ளே போகும் ஆழத்தில் குத்திப் புதைத்தேன். காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றினேன். பத்து நாளில் ஆறு முளைத்தன. அடுத்த மூன்று நாளில் ஐந்து நாற்றுகள் மண்ணை ஒட்டி நூல் மாதிரி மெலிந்து, இடுப்பு ஒடிந்து சாய்ந்தன. நாற்றழுகல். ஈரம் அதிகமானால் வருவது. பாட்டி வந்து பார்த்துவிட்டு, "வெதைக்கிறியா, பொணத்தப் பொதைக்கிறியா?" என்றார். விதை என்ன பருமனோ அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு ஆழம் போதும். தக்காளி, கத்தரி, மிளகாய்க்கு மேலே மண் தூவினாலே சரி. வெண்டைக்கும் பீர்க்குக்கும் விரலில் முதல் கணுவில் பாதி.

60 ரூபாய் ஒன்றும் பெரிய பணம் இல்லை. ஆனால் இரண்டாவது பாக்கெட்டைப் பிரிக்கும்போது கை நடுங்கியது உண்மை. விதை குறைவாக இருந்தால் மனிதன் சோதனை செய்யமாட்டான். நாட்டுத் தக்காளியில் அந்தப் பயமே இல்லை. பத்து விதை வெயிலில், பத்து நிழலில், பத்து தேங்காய் நார்க் கழிவில், பத்து வெறும் செம்மண்ணில் என்று வாரம் ஒரு தடவை தூவினேன். மூன்றாவது வாரத்தில் எதில் நன்றாக முளைக்கிறது என்று கைக்குத் தெரிந்துவிட்டது. அந்தப் பாடத்தை வைத்துத்தான் இரண்டாவது ஹைப்ரிட் பாக்கெட்டையே காப்பாற்றினேன்.

அப்புறம், அடுத்த பட்டம். என் கணக்கில் தராசைச் சாய்த்தது இதுதான். செடியிலேயே முற்றிக் காய்ந்த ஒரு நாட்டு வெண்டைக்காயை முறத்தில் உடைத்து எண்ணினேன்: 47 விதை. என் மனைக்கு ஒரு பட்டத்துக்கு வேண்டியது 20 செடி. ஒரே ஒரு காயைப் பறிக்காமல் விட்டதில் இரண்டு பட்டத்துக்கு விதை கிடைத்துவிட்டது.

ஹைப்ரிட்டில் இது நடக்காது. "அது மலட்டு விதை, முளைக்கவே முளைக்காது" என்பார்கள், அதுவும் சரியில்லை. ஹைப்ரிட் தக்காளியிலிருந்து நானே விதை எடுத்துப் போட்டேன், ஜோராக முளைத்தது. தை மாதம் விதைத்தது ஆறு செடி, பங்குனியில் காய்ப்பு வந்தபோதுதான் கூத்து. ஒன்றில் அம்மாவைப் போலவே உருண்டைப் பழம். ஒன்றில் முட்டை வடிவம். ஒன்று கோலிக்குண்டு அளவுக்கு மேல் வளரவே இல்லை. ஒன்றில் பழுக்கும் முன்பே தோல் வெடித்தது. மிச்சம் இரண்டும் இலையாகவே வளர்ந்தன. முதல் தலைமுறையில் சேர்ந்து நின்ற குணங்கள் அடுத்த தலைமுறையில் பிரிந்து ஆளுக்கொரு பக்கம் போய்விடுகின்றன. வேடிக்கை பார்க்க நன்றாக இருக்கிறது. பாட்டிக்குக் காய் கொடுக்க முடியவில்லை.

விதை எடுப்பது பெரிய வித்தை என்று நினைத்திருந்தேன். தக்காளியும் கொத்தவரையும் குழந்தை வேலை. அவை பெரும்பாலும் தன் பூவுக்குள்ளேயே மகரந்தம் சேர்த்துக்கொள்பவை, பக்கத்துச் செடியோடு அதிகம் கலக்காது. நல்ல தக்காளிப் பழத்தை டம்ளரில் பிழிந்து, ஒரு நாள், இரண்டு நாள் அப்படியே வைக்கவேண்டும். மேலே நுரை கட்டி நாறும். விதையைச் சுற்றியுள்ள வழவழப்பு கரைந்து நல்ல விதை அடியில் தங்கும். கழுவி, தட்டில் பரப்பி நிழலில் காயவைத்தால் தீர்ந்தது. பேப்பரில் பரப்பாதீர்கள், ஒட்டிக்கொண்டு வராது. நான் செய்தித்தாளோடு சேர்த்தே கிழித்து விதைத்தேன்.

கத்தரியில் சமையலுக்குப் பறிக்கும் காயில் விதை தேறாது. செடியிலேயே மஞ்சளாகி, தொட்டால் அமுங்கும்வரை விடவேண்டும். வெண்டையும் கத்தரியும் தேனீ, வண்டு புண்ணியத்தில் கொஞ்சம் கலக்கும். நாட்டையும் ஹைப்ரிட்டையும் ஒன்றரை செண்டில் அருகருகே போட்டது என் மடத்தனம். தையில் வந்த வெண்டைச் செடிகளில் இரண்டு, நாட்டும் இல்லாமல் ஹைப்ரிட்டும் இல்லாமல் நின்றன.

பீர்க்கு, பாகல், சுரை, பூசணி இன்னும் சிக்கல். ஆண் பூ வேறு, பெண் பூ வேறு, வண்டு எங்கிருந்து மகரந்தம் கொண்டுவரும் என்று சொல்ல முடியாது. பீர்க்கம்பூ சாயங்காலம் விரியும். மதியமே பெண் மொட்டு ஒன்றில் காகித உறை மாட்டிவிட்டு, விரிந்ததும் ஆண் பூவால் தடவி, மறுபடி உறை போட்டு, அந்தக் காயில் ஒரு நூல் கட்டி வைத்தேன். ஒரே ஒரு தடவைதான் செய்திருக்கிறேன், அதனால் இதில் என்னை வாத்தியாராக வைத்துக்கொள்ளவேண்டாம். சுரையில் மட்டும் ஒரு எச்சரிக்கை: சமைக்கும் முன் துளி நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் துப்பிவிட்டு முழுக் காயையும் குப்பையில் போடுங்கள், அதிலிருந்து விதையும் எடுக்காதீர்கள். கசப்புச் சுரை உடம்புக்கு ஆகாது.

இவ்வளவு சொன்னபிறகு நாட்டு விதையின் குறையை மறைப்பது நியாயமில்லை. பொட்டலத்தில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. உரக்கடை பாக்கெட்டில் பரிசோதித்த தேதி, காலாவதி, முளைப்புத்திறன் எல்லாம் அச்சில் இருக்கும். சான்று பெற்ற விதைக்கே நம் நாட்டில் வெண்டை 65, தக்காளி 70, மிளகாய் 60 சதவீதம் முளைத்தால் போதும் என்றுதான் விதி, ஆனால் அந்த அளவுக்காவது ஒரு பேச்சு இருக்கிறது. திருவிழாவில் வாங்கிய மிளகாய்ப் பொட்டலத்தில் பென்சிலால் "குண்டு" என்று மட்டும் எழுதியிருந்தது. பத்து விதையை ஈரத்துணியில் சுற்றி, டப்பாவில் போட்டு மூடி வைத்தேன். பதினான்கு நாள் கழித்து இரண்டு முளை. எந்த வருஷத்து விதையோ. அன்றிலிருந்து எதை வாங்கினாலும் மண்ணுக்குப் போகும் முன் ஈரத்துணிச் சோதனைதான். வெண்டைக்கு ஒரு வாரம், கத்தரிக்குப் பத்து நாள், மிளகாய்க்கு இரண்டு வாரம் பொறுக்கவேண்டும்.

இன்னொன்று, நாட்டு, ஹைப்ரிட் என்று இரண்டே கட்சி இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன். நடுவில் ஒன்று இருக்கிறது: வேளாண் பல்கலைக்கழகமும் ஆராய்ச்சி நிலையங்களும் வெளியிட்ட ரகங்கள். பி.கே.எம். 1 தக்காளி பெரியகுளத்தில், அன்னஞ்சி என்ற உள்ளூர்த் தக்காளியிலிருந்து உருவாக்கியது. பாலூர் 1 கத்தரி, கோவில்பட்டி கே 1 மிளகாய், பெங்களூரிலிருந்து வந்த அர்கா அனாமிகா வெண்டை எல்லாம் இந்த வகை. இவை ஹைப்ரிட் இல்லை, விதை எடுத்துப் போடலாம், பாக்கெட்டில் தேதியும் இருக்கும். ஆனால் அர்கா என்று பெயர் இருந்தாலே ரகம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், அர்கா ரக்ஷக் தக்காளி ஹைப்ரிட். பாக்கெட்டில் எஃப் 1, அதாவது முதல் தலைமுறை ஹைப்ரிட், என்று இருக்கிறதா என்று பார்த்தால் போதும். என்னை யாராவது முதலிலேயே இந்த வரிசைக்குக் கூட்டிப்போயிருந்தால் பாதி அலைச்சல் மிச்சம்.

ஹைப்ரிட்டுக்கு நான் மனமார ஓட்டுப் போடுவது வெண்டையில். வெள்ளை ஈ கொண்டுவரும் மஞ்சள் நரம்புத் தேமல் நோய் தையில் என் நாட்டு வெண்டையை வாரிக்கொண்டு போனது. முதலில் இலை நரம்பு மட்டும் மஞ்சள் வலையாகத் தெரியும், பிறகு இலையே மஞ்சள், கடைசியில் காய் வெளிறி நார் கட்டிவிடும். இரண்டடி தள்ளி நின்ற ஹைப்ரிட் செடிகள் சித்திரைவரை பச்சையாகக் காய்த்தன. ஒரே பட்டத்தில் பார்த்ததுதான், எல்லா ஊருக்கும் பொருந்தும் என்று சத்தியம் செய்யமாட்டேன். முட்டைக்கோஸ், காலிஃபிளவர் ஆசை இருந்தால் அங்கேயும் பாக்கெட்தான் வழி. அவை பூத்து விதை கட்டக் குளிர் வேண்டும், திருச்சி வெயிலில் அந்தப் பேச்சே கிடையாது. பாக்கெட் விதை சிவப்பாகவோ பச்சையாகவோ இருந்தால் பூசணக்கொல்லி தடவியது என்று அர்த்தம். தொட்டபின் கையைக் கழுவுங்கள், பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள்.

வரும் ஆடிக்கு உரக்கடையில் வாங்கப்போவது வெண்டை ஹைப்ரிட் ஒரே பாக்கெட். பி.கே.எம். 1 தக்காளி, கொத்தவரை, பீர்க்கு எல்லாம் போன பட்டத்தில் நானே எடுத்தவை, சாம்பலில் புரட்டி ஹார்லிக்ஸ் பாட்டிலில் இருக்கின்றன. முள் கத்தரி விதை மட்டும் பாட்டி கொடுத்தது. எங்கிருந்து என்று கேட்டேன். "நீ போன கார்த்திகைல மஞ்சளாப் பழுத்ததக் குடுத்தியே, அந்தக் காய்தான். ரெண்ட மொட்ட மாடியில காயப் போட்டுட்டேன்" என்றார்.