ஆமைக்குஞ்சுக்கு "முழு செட்" என்று விற்கிறார்கள், வாங்காதீர்கள்

தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க்கில், லெனேசியா பக்கம் ஒரு செல்லப்பிராணிக் கடையில், சிறுத்தை ஆமை (ஓட்டில் புள்ளிகள் உள்ள தரை ஆமை) குஞ்சுக்கு "இது போதும், வேறெதுவும் வேண்டாம்" என்று சொல்லி 2,400 ரேண்டுக்கு ஒரு செட்டை எங்கள் தலையில் கட்டிவிட்டார்கள். மேல் திறந்த கண்ணாடித் தொட்டி, சிவப்பு பல்ப், சுருள் வடிவ யூவிபி பல்ப் (வெயிலுக்குப் பதிலாகப் புற ஊதாக்கதிர் தருவது), அடியில் விரிக்கும் ஹீட் மேட், முள் வைத்த ஈரப்பத மானி, ஒரு பை கால்சிய மணல். வெப்பத்தைத் தானாகக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் இல்லை. இதில் உருப்படியானது தொட்டி ஒன்றுதான், அதுவும் மூடி போட்டால்.

பெரிய கோளாறே அந்தத் திறந்த மேல்பக்கம். பல்ப் சூடாக்கிய காற்று மேலேறி வெளியே போகும்போது ஈரத்தையும் கொண்டுபோய்விடும். அந்த இடத்துக்கு அறையின் குளிர்காற்று இறங்கும். குளிர்காலமான ஜூன் முதல் ஆகஸ்ட் வரை ஜோகன்னஸ்பர்க்கில் காற்று காய்ந்து கிடக்கும். எவ்வளவு தண்ணீர் தெளித்தாலும் நிற்காது. வறண்ட காற்றில் வளரும் குஞ்சின் ஓடு கட்டம் கட்டமாக மேடு தட்டும், தட்டிய மேடு பிறகு இறங்காது. அதைவிட மோசம் உள்ளே நடப்பது: உடம்பில் நீர் வற்றி, மூத்திரப்பையில் கல் கட்டி, சிறுநீரகம் கெட்டுப்போகும்.

மானியை நம்பும் முன் சோதியுங்கள். ஒரு பாட்டில் மூடியில் உப்பைப் போட்டு, கரையாமல் ஈரக்கூழாக மட்டும் ஆகும்படி சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விடுங்கள். மானியோடு சேர்த்து ஜிப் பையில் மூடி இரவு முழுக்க வையுங்கள். நல்ல மானி 75 சதவீதத்தை ஒட்டிக் காட்டும். கடையில் கொடுத்தது 60-ல் நின்றது. வெளியே எடுத்து ஹீட்டர் பக்கத்தில் வைத்தாலும் அதே 60.

ஆமைக்குச் சிவப்பு நன்றாகவே தெரியும், அதனால் சிவப்பு பல்பில் இரவுத் தூக்கம் கெடும். ஹீட் மேட் மேல் உட்கார்ந்தால் அடிவயிறு சுடுவதை உணர்ந்து விலகத் தெரியாது, வெந்துபோகும். மணலைத் தின்றால் குடல் அடைக்கும். சில சுருள் பல்புகள் கண்ணை வீங்க வைக்கும்.

எல்லாப் பக்கமும் மூடிய பெட்டிதான் வேண்டும். வெப்பத்துக்குப் பீங்கான் ஹீட்டர், அதைப் பீங்கான் ஹோல்டரில் மட்டுமே மாட்டுங்கள். பிளாஸ்டிக் ஹோல்டர் உருகும். தெர்மோஸ்டாட்டின் வெப்பம் உணரும் முனை விளக்கின் கீழே வரக்கூடாது, நிழல் பக்கம் ஓட்டின் உயரத்தில் இருக்கட்டும். இரவு பகல் எந்நேரமும் 27 டிகிரிக்குக் கீழே இறங்க விடாதீர்கள். பகலில் விளக்குக்குக் கீழே குளிர்காயும் இடத்தில் 35 முதல் 37 டிகிரி, ஈரப்பதம் 80 சதவீதம். தரையில் தேங்காய் நார்த்தூள் 8 முதல் 10 செ.மீ. தெளிப்பதைவிட, வெதுவெதுப்பான தண்ணீரை நான்கு மூலையிலும் ஊற்றுவது நல்லது: அடித்தட்டு ஈரமாகவும் மேல்தட்டு உலர்ந்தும் இருக்கும், அடி ஓடு அழுகாது. ஈரமும் குளிரும் சேர்ந்தால் சளி பிடிக்கும். மூக்கில் குமிழி வந்தாலோ, வாயைத் திறந்து மூச்சு விட்டாலோ அன்றே கால்நடை மருத்துவரிடம் போங்கள்.

யூவிபிக்கு நீள டி5 டியூப் (மெல்லிய குழல் விளக்கு), பெட்டிக்கு உள்ளேயே. கண்ணாடி அந்தக் கதிரைத் தடுத்துவிடும். தினமும் 20 நிமிடம், தாடை தொடும் அளவு வெதுவெதுப்பான தண்ணீரில், கை பொறுக்கும் சூட்டுக்கும் குறைவாக, ஊறவிடுங்கள். கரண்ட் போய் வந்ததும் தெர்மோஸ்டாட் பழைய அளவிலேயே நிற்கிறதா என்று பாருங்கள். மலிவான டிஜிட்டல் வகைகள் சிலவற்றில் நாம் வைத்த அளவு அழிந்துபோகும்.

"பணம் திரும்பத் தரமாட்டோம்" என்று அந்தக் கடையில் பலகை மாட்டியிருக்கிறார்கள். 2008-ஆம் ஆண்டின் 68-ஆம் எண் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பழுதான பொருளை ஆறு மாதத்துக்குள் திருப்பிக் கொடுக்கலாம். பணமா, மாற்றா, பழுது நீக்கமா என்று கேட்கும் உரிமை வாங்கியவருக்கே. அசைவற்ற அந்த மானியைப் படம் எடுத்து, ரசீதோடு எழுத்தில் கொடுங்கள். குஞ்சையும் அங்கேயே விற்றால், மாகாண இயற்கைப் பாதுகாப்புத் துறையின் அனுமதிச் சீட்டை முதலில் கேளுங்கள். அனுமதி இல்லாமல் சிறுத்தை ஆமையை வைத்திருந்தால் வாங்கியவர்மேலும் வழக்கு வரும்.