கைமாறிய இரண்டு உலகங்கள்

"ஃபால்அவுட் 3 வாங்கவா, ஹேலோ 4 வாங்கவா, பெரியப்பா?" என்று லாஸ்பேட்டையிலிருந்து தம்பி மகன் கேட்டான். இரண்டுமே, தொடங்கிய நிறுவனத்திடமிருந்து வேறு நிறுவனத்தின் கைக்குப் போன வீடியோ கேம் வரிசைகள்.

1997இல் இன்டர்பிளே நிறுவனம் மேலிருந்து பார்த்து, முறைவைத்து ஆடும்படி தந்த ஃபால்அவுட்டை, பெதஸ்டா நிறுவனம் 2008இல் நம் கண் வழியே பார்க்கும் ஆட்டமாக்கியது. குடிவந்த கையோடு சுவரையே இடித்துவிட்டார்கள்! ஆனாலும், சண்டையை நிறுத்தி எதிரியின் கையையோ காலையோ குறிவைக்கும்போது பழைய நிதானம் தெரிகிறது. நிலவறைக் கதவு திறந்ததும் கண் கூசி, பிறகு மெல்லத் தெளியும் அந்தப் பாழ்நிலத்துக்காகவே வாங்கலாம்.

ஹேலோ நேர்மாறு. பங்கி நிறுவனம் வளர்த்ததை 343 இண்டஸ்ட்ரீஸ் நிறுவனம் 2012இல் பொத்திப் பொத்தி எடுத்தது. நாயகனுக்குத் துணையாக வரும் செயற்கை அறிவு கோர்ட்டானா தடுமாறும் இடங்கள் மட்டும் உருக்கின.

ஃபால்அவுட்தான், தம்பி. கடற்கரைச் சாலையில் நடந்துவிட்டு வந்து தொடங்கு. உட்கார்ந்தால் எழ மாட்டாய்.