கண்ணாடி மூடி போட்ட கோஹிபா பெட்டி: சுங்கை சிப்புட் பக்கம் உள்ளவங்க உஷார்

நம்ம பேராக் சுங்கை சிப்புட் டவுன்ல ஹம்பர், கிஃப்ட் எல்லாம் கட்டிக் குடுக்கிற ஒரு கடை. அங்க "ஒரிஜினல் கியூபா சுருட்டு"ன்னு சொல்லி விக்கிறாங்க. கடை பேரு போட மாட்டேன், கம்ப்ளேன் போய்க்கிட்டு இருக்கு. ஆனா கோஹிபாங்கிற கியூபா சுருட்டு பிராண்டு பேருல, கண்ணாடி மூடி போட்ட பெட்டிய யாரு நீட்டுனாலும் வாங்காதீங்க. அந்த மாதிரி பெட்டிய, கோஹிபாவ விக்கிற கியூபாவோட ஹபானோஸ் கம்பெனி எந்தக் காலத்துலயும் செஞ்சதே இல்ல. கண்ணாடிய பாத்தாலே போலின்னு முடிவு பண்ணிடலாம்.

நாங்க நாலஞ்சு பேரு, ஞாயித்துக்கெழம சாயங்காலம் வீட்டுக்குப் பின்னாடி நாற்காலி போட்டு சுருட்டு புடிக்கிற கூட்டம். பெரிய பணக்காரனுங்க எல்லாம் இல்ல, ஒருத்தன் செம்பனக் குலை லோரி ஓட்டுறான், ஒருத்தர் தோட்டத்துல கிராணியா (கணக்கப்பிள்ளை) இருந்து ரிட்டயர் ஆனவரு. வழக்கமா நிக்கராகுவா இல்லன்னா டொமினிக்கன் சரக்கு, ஈப்போ போறப்ப ஆளுக்கு ஒண்ணு வாங்கிட்டு வருவோம், அவ்ளோதான் வசதி. ஒரு பழைய ஸ்கூல் நோட்டுல மார்க் போடுவோம். பத்த வைக்கிறதுக்கு முன்ன வெறுமனே இழுத்தா என்ன ருசி, நெருப்பு நேரா எறங்குதா, சாம்பல் எவ்ளோ நேரம் உதிராம நிக்குது, மொதப் பங்கு, நடு, கடைசி, எல்லாத்துக்கும் தனித்தனியா மார்க். கிராணி அண்ணன் எதைக் குடுத்தாலும் "கோப்பி வாசம்"னுதான் எழுதுவாரு, அது வேற கத.

அவரோட 70வது பொறந்தநாளுக்குத்தான் இந்தப் பெட்டி. சிங்கப்பூர்ல இருக்கிற அவரு மகன் பாதி போட்டான், மீதிய நாங்க பிரிச்சிக்கிட்டோம், ரொபுஸ்தோன்னு குட்டையா தடியா இருக்கிற சைஸ், 25 சுருட்டு உள்ள பெட்டி 2,600 வெள்ளி (ரிங்கிட்). கடைக்காரன் போன்ல காட்டுன படம் பக்கா, வார்னிஷ் போட்ட மரப்பெட்டி, பச்சையும் வெள்ளையுமா சீல், எல்லாம் சரியா இருந்துச்சு. வெல எப்படி இவ்ளோ கம்மின்னு கேட்டதுக்கு, "2022ல வெல ஏறுறதுக்கு முந்தி எடுத்த ஸ்டாக்குண்ணே"ன்னான். 2022ல ஹபானோஸ் கோஹிபா வெலைய எல்லா நாட்லயும் ஹாங்காங்ல இருந்த அதிக வெலைக்கு ஏத்துனது உண்மைதான், அதனாலதான் அந்தப் பேச்சு எடுபடுது. சரக்கு ஈப்போவுல ஸ்டோர்ல இருக்கு, முழுக் காசு கட்டுனாதான் எறக்குவோம்னு சொன்னான், கட்டுனோம். வந்தது பளபளன்னு பேப்பர் சுத்தி ரிப்பன் கட்டி. பொறந்தநாள் அன்னிக்கு எல்லாரு முன்னாடியும் பிரிச்சா மேல கண்ணாடி மூடி. மூக்க கிட்ட கொண்டு போனா தேவதாரு மர வாசன வரணும், இதுல தின்னர் வாசன வருது.

திருப்பிப் பாத்தோம். அசல் பெட்டிக்கு அடியில "ஹபானோஸ் எஸ்.ஏ., ஹெச்சோ என் கூபா"ன்னு (கியூபாவுல செஞ்சதுன்னு அர்த்தம்) சூடு போட்டுப் பதிச்சிருக்கும், தடவுனா வெரல்ல பள்ளம் தெரியும். அதோட ஃபேக்டரி கோடு, மாசம் வருசம் முத்திரை. இங்க அடியில ஒட்டுனது ஸ்டிக்கர். மாசம் ஸ்பானிஷ் சுருக்கத்துல இருக்கணும், ஜனவரின்னா "எனெ", இவன் "ஜேன்"னு இங்கிலீஷ்ல போட்டு வச்சிருக்கான். சீல்ல பார்கோடும் இல்ல, ஹோலோகிராமும் இல்ல. சுருட்டச் சுத்தி ஒட்டியிருக்கிற கோஹிபா பேப்பர் பட்டையில உள்ள வெள்ளக் கட்டம் வரிசையா நிக்கும், இதுல ஓரத்துல பாதி பாதியா வெட்டுப்பட்டுக் கெடக்கு. ரொபுஸ்தோன்னா 124 மில்லிமீட்டர் நீளம், லோரிக்கார தம்பி டேப்ப எடுத்து வச்சி அளந்தா ஒண்ணுக்கு ஒண்ணு நீளம் வேற.

சரி, வந்தது வந்துருச்சுன்னு ஒண்ண பத்த வச்சோம். ஒரு பக்கம் மட்டும் கடகடன்னு எரியுது, மறு பக்கம் அப்பிடியே நிக்குது, உள்ள சுரங்கம் மாதிரி ஓட்ட, இழுக்க இழுக்க வாயில தூளு. இன்னொண்ண நியூஸ்பேப்பர் மேல வச்சி பிளேடால நீளவாக்குல கீறுனேன். நல்ல கியூபா சுருட்டுல நுனியில இருந்து அடி வரைக்கும் நீள எலையா மடிச்சி வச்சிருப்பாங்க. இதுல பொடிப்பொடியா நறுக்குன எல, நடுவுல தடியா ஒரு காம்பு, வேற வேற நெறத்துல காஞ்ச சக்க. அந்த நோட்டுல கிராணி அண்ணன் மொத தடவையா "கோப்பி வாசம்" எழுதல.

மறுநாள் கடைக்குப் போனா, "இது காஸ்ட்ரோ புடிச்ச சுருட்டுண்ணே, ஒங்களுக்கு டேஸ்ட் புரியல"ங்கிறான். காஸ்ட்ரோவுக்காக 1966ல ஆரம்பிச்ச சுருட்டுங்கிறதும் நெசம், ரொம்ப நாளு வெளிநாட்டுத் தலைவருங்களுக்கும் தூதருங்களுக்கும் மட்டும் குடுத்துட்டு 1982லதான் கடைக்கு விட்டாங்கங்கிறதும் நெசம். (அந்த மனுசனே 1985ல புடிக்கிறத நிறுத்திட்டாரு.) அந்தக் கதைய வச்சி இந்தக் குப்பைய விக்க முடியுமா? படத்துல காட்டுன பெட்டி எங்கன்னா பதில் இல்ல. கடைசியில "ரிப்பன் பிரிச்சாச்சு, ரிட்டர்ன் இல்ல."

எனக்குத் தோணுறது, இது எத்தன வருசம் ஓடுனாலும் மாட்டாததுக்குக் காரணம் வாங்குறவன் புடிக்கிறதில்ல. மேனேஜருக்கு, ஒய்.பி.க்கு (நம்ம தொகுதி எம்.பி. மாதிரி ஆளுங்க), சம்பந்தி வீட்டுக்குன்னு கிஃப்டா போகுது, அங்க ஷோகேஸ்ல ஒக்காந்துக்குது. கண்ணாடி மூடியே அதுக்குத்தான, தெறக்காமலே உள்ள இருக்கிறது தெரியணும். தெறந்து புடிக்கிற எங்கள மாதிரி ஆளுங்க கையில சிக்குனது அவன் கெட்ட நேரம்.

ரசீதப் பாருங்க, அதுதான் முக்கியம். இவன் சுருட்டுன்னு எழுதவே இல்ல, "ஹம்பர் - 1"னு எழுதியிருக்கான். சுருட்டுப் பேரு, பெட்டியில எத்தன, வெல எல்லாம் எழுதச் சொல்லுங்க, எழுத மாட்டேன்னா காச நீட்டாதீங்க. நல்லவேளை அவன் அனுப்புன படமும் பேசுனதும் வாட்சப்ல இருக்கு, காசு பேங்க் வழியாத்தான் போச்சு. கே.பி.டி.என்.ல (உள்நாட்டு வாணிப அமைச்சு) போலிச் சரக்குன்னு கம்ப்ளேன் குடுத்தாச்சு, கன்சூமர் டிரிபுனல்லயும் போட்டாச்சு, அங்க 5 வெள்ளி ஃபீஸ்தான், 50,000 வெள்ளி வரைக்கும் கேக்கலாம், லாயர் வேணாம்.

இதே கடையில கண்ணாடிப் பெட்டி வாங்குனவங்க இருந்தா பெட்டியத் தூக்கிப் போட்டுடாதீங்க, அடிப்பக்கத்தையும் ரசீதையும் படம் எடுத்து எனக்கு மெசேஜ்ல அனுப்புங்க. மீதி இருக்கிறதயும் பிரிக்காம வச்சிருக்கேன், டிரிபுனலுக்குக் கொண்டு போகணும்.