ஓவர்கிளாக் செய்த ரைசன் 5800எக்ஸ்: முழு லோடில் நிற்பது மட்டும் போதாது

சில்லை ஆலை வைத்த அளவுக்கு மேலே ஓட்டும் ஓவர்கிளாக்கிங் பற்றி எழுதப்படுவதில் பெரும்பங்கு முதல் வாரத்து உற்சாகம். பெஞ்ச்மார்க் எண் ஏறியது, படம் எடுத்தாயிற்று, முடிந்தது. அதே செட்டிங் கோடையிலும் குளிரிலும், உள்ளே தூசி படிந்த பிறகும், பயாஸ் (மதர்போர்டின் அடிப்படை மென்பொருள்) மாறிய பிறகும் எப்படி நின்றது என்று எழுதுகிறவர்கள் குறைவு. நான் எழுத வந்தது அதைப் பற்றித்தான்.

என் கணினி நானே பாகம் பாகமாகத் தேர்ந்தெடுத்துக் கட்டியது. ப்ராசசர் ஏஎம்டி ரைசன் 7 5800எக்ஸ். 2020 நவம்பரில் வெளியான, எட்டு கோர் (தனித்தனிக் கணிப்பு அலகுகள்), பதினாறு த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடும் வேலைத் தடங்கள்) கொண்ட, ஜென் 3 வடிவமைப்புச் சில்லு. அதன் மேல் நாக்டுவா என்எச்-டி15 ஏர் கூலர், 32 ஜிபி டிடிஆர்4 ரேம். வீடியோ என்கோடிங், கோடு கம்பைல் செய்வது, இரவில் கொஞ்சம் கேம் என்று வாங்கிய நாளிலிருந்து தினமும் ஓடுகிறது. ஓவர்கிளாக் செய்யாமல் ஓடிய நாட்கள் மிகக் குறைவு.

முதலில் எதிர்பார்ப்பைச் சரிசெய்து கொள்ளலாம். 1998இல் வந்த இன்டெல் செலரான் 300ஏ சில்லின் பஸ் வேகத்தை 66இலிருந்து 100 மெகாஹெர்ட்ஸுக்கு மாற்றினால் அது 300இலிருந்து 450 மெகாஹெர்ட்ஸுக்குத் தாவும். பாதிக்குப் பாதி கூடுதல் வேகம், காசு செலவில்லாமல். அப்படிப்பட்ட இடைவெளியை இன்றைய நிறுவனங்கள் விட்டுவைப்பதில்லை. சில்லு தானாகவே வெப்பம், மின்சாரம், வோல்டேஜ் மூன்றையும் பார்த்து எவ்வளவு தூரம் போக முடியுமோ அவ்வளவும் போய்விடுகிறது. 5800எக்ஸ் பெட்டியில் 4.7 கிகாஹெர்ட்ஸ் என்று போட்டிருக்கிறது. என்னுடையது எதையும் தொடாமலேயே ஒற்றைக் கோர் வேலைகளில் 4.85 வரை எட்டிப் பார்த்தது. அப்புறம் நமக்கு என்ன மிச்சம்? சில சதவீத வேகம், கூடவே நிறைய வெப்பக் குறைவு. இரண்டாவதுதான் எனக்குப் பெரிய லாபமாகத் தெரிகிறது.

பழைய பாணியில் எல்லாக் கோர்களையும் 4.6 கிகாஹெர்ட்ஸில், 1.3 வோல்ட்டில் பூட்டியும் பார்த்தேன். என்கோடிங்குக்கு நன்றாகவே இருந்தது. ஆனால் பிரவுசர், எடிட்டர், கேம் எல்லாம் ஒன்றிரண்டு கோர்களின் உச்ச வேகத்தை நம்பி ஓடுபவை. 4.85ஐத் தொடக்கூடிய கோரை 4.6இல் கட்டிப்போட்டால் அன்றாட வேலை மெதுவாகத்தான் ஆகும். இந்தச் சில்லுக்கு அந்த வழி சரிப்படாது.

சரிப்பட்டது, ஏஎம்டியின் தானாக வேகமேற்றும் வசதியான பிபிஓ 2உடன் வந்த கர்வ் ஆப்டிமைசர். ஒவ்வொரு வேகத்துக்கும் எவ்வளவு வோல்டேஜ் என்று சில்லுக்குள் ஒரு வளைகோடு இருக்கிறது. ஆலையில் எல்லாச் சில்லுகளுக்கும் பொதுவாக, பாதுகாப்புக்காகச் சற்று மேலேயே போட்டு வைப்பார்கள். கர்வ் ஆப்டிமைசரில் அந்தக் கோட்டைக் கோர்வாரியாகக் கீழே இறக்கலாம். மைனஸ் 30 வரை எண் கொடுக்கலாம்; ஒரு எண்ணுக்குச் சுமார் 3 முதல் 5 மில்லிவோல்ட். அதே வேகத்துக்குக் குறைந்த வோல்டேஜ் என்றால் சூடு குறையும். சூடு குறைந்தால் சில்லு தானே இன்னும் மேலே ஏறும். நாம் வேகத்தைத் தொடவே வேண்டியதில்லை.

வோல்டேஜுக்கு ஏன் இவ்வளவு மரியாதை என்றால், சில்லு தின்னும் மின்சாரம் வேகத்துக்கு நேர்விகிதத்தில்தான் ஏறும். வோல்டேஜுக்கோ அதன் இருமடியாக ஏறும். அதே வேகத்தில் 1.3 வோல்ட்டை 1.2 ஆக்கினால் மின்செலவில் சுமார் 15 சதவீதம் போய்விடுகிறது. எந்தக் கூலர் வாங்கினாலும் இந்தச் சேமிப்பு கிடைக்காது.

எல்லாக் கோருக்கும் மைனஸ் 30 போட்டு, மணிக்கணக்கில் பிரைம்95 என்ற கடும் சோதனை மென்பொருளை ஓட்டி, 'நின்றுவிட்டது' என்று அறிவிப்பதைப் பலமுறை படித்திருப்பீர்கள். என் கணினியும் அந்தச் சோதனையை அலுங்காமல் தாண்டியது. இரவு முழுக்க என்கோடிங், ஒரு பிழை இல்லை. காலையில் ஒரு பிரவுசர் பக்கத்தை மட்டும் திறந்து படித்துக்கொண்டிருக்கும்போது திரை கறுத்து, ரீஸ்டார்ட் ஆனது. ப்ளூ ஸ்கிரீன் கிடையாது, எச்சரிக்கை கிடையாது. மின்சாரம் போய் வந்த மாதிரி.

இதுதான் கர்வ் ஆப்டிமைசரின் குணம். எட்டுக் கோரும் முழு லோடில் இருக்கும்போது மின்சார வரம்பு இடித்து வேகம் 4.5 பக்கம்தான் நிற்கும். வளைகோட்டின் நடுப்பகுதி மட்டுமே சோதிக்கப்படுகிறது. உச்சிப் பகுதி எப்போது வேலைக்கு வரும்? கணினி கிட்டத்தட்ட சும்மா இருக்கும்போது. ஒரே ஒரு கோர் திடீரென்று விழித்து, 4.85க்குத் தாவி, ஒரு நொடிக்கும் குறைவாக வேலை செய்துவிட்டு மறுபடி தூங்கும். அந்தத் தாவலில் வோல்டேஜ் ஒரு நூல் பற்றாவிட்டாலும் கணினி விழுந்துவிடும்.

எந்தக் கோர் விழுந்தது என்று விண்டோஸே சொல்லிவிடும். பலர் அங்கே போய்ப் பார்ப்பதில்லை. ஈவென்ட் வியூவரைத் திறந்து சிஸ்டம் பதிவுகளுக்குப் போங்கள். 'கெர்னல்-பவர் 41' என்ற பதிவு எப்படியும் இருக்கும். அது கணினி ஒழுங்காக மூடப்படவில்லை என்பதை மட்டும் சொல்கிறது. அதன் பக்கத்தில் 'வியா-லாகர்' (வன்பொருள் பிழைகளைப் பதியும் பகுதி) என்ற பெயரில், 18 என்ற எண்ணுடன் ஒரு பதிவு இருக்கிறதா என்று தேடுங்கள். அதற்குள் 'ப்ராசசர் ஏபிஐசி ஐடி' என்று ஒரு எண் இருக்கும். 5800எக்ஸில் ஒரு கோருக்கு இரண்டு த்ரெட் என்பதால் 0, 1 இரண்டும் கோர் 0; 2, 3 இரண்டும் கோர் 1; இப்படியே போகும். எனக்கு வந்த எண் 4. அதாவது கோர் 2. அந்த ஒரு கோரை மட்டும் மைனஸ் 30இலிருந்து மைனஸ் 18க்கு ஏற்றினேன். மற்றவற்றைத் தொடவில்லை.

அந்தக் கோர் 2, என் சில்லின் மிகச் சிறந்த கோர்களில் ஒன்று. முதலில் இது முரணாகத் தோன்றலாம். நல்ல கோருக்கு ஏஎம்டி ஆலையிலேயே குறைந்த வோல்டேஜ் கொடுத்துவிடுகிறது, உச்ச வேக வேலைகளும் அதற்கே போகின்றன; அதில் நாம் மேலும் பிடுங்குவதற்கு இடம் குறைவு. சுமாரான கோர்களில்தான் கொழுப்பு அதிகம். அதற்குப் பிறகும் சோதித்துச் சோதித்து ஏற்றியதில், என் இரண்டு நல்ல கோர்கள் இன்று மைனஸ் 10, மைனஸ் 15 என்ற அளவில்தான் நிற்கின்றன; மீதி பெரும்பாலும் மைனஸ் 25 அல்லது அதற்கும் கீழே.

இந்த நிலைக்கு வர எனக்கு உதவியது கோர்சைக்ளர் என்ற இலவச ஸ்கிரிப்ட். பிரைம்95ஐ ஒரு நேரத்தில் ஒரே கோரில் ஓட்டி, அடுத்த கோருக்கு நகரும். மற்றவை சும்மா இருப்பதால் அந்தக் கோர் உச்ச வேகத்திலேயே அடிவாங்கும். கர்வ் ஆப்டிமைசரைத் தொடுகிறவர்கள் வேறு எந்தச் சோதனையை விட்டாலும் இதை விடாதீர்கள். எட்டுக் கோருக்கும் ஒழுங்காக ஓட்டினால் ஒரு முழு இரவு போகும். போகட்டும்.

குளிர் நாட்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். வெயில் காலத்தைத் தாண்டிவிட்டால் ஆபத்து தீர்ந்தது என்றுதான் யாருக்கும் தோன்றும். இந்தச் சில்லுகளில் குளிர்ந்த நேரத்துக்கும் தனிச் சோதனை தேவை. சில்லு குளிர்ச்சியாக இருந்தால் தானாக ஏறும் பூஸ்ட் வேகம் இன்னும் கூடும். வளைகோட்டின் நுனியில் அதிக நேரம் நிற்கும். கோடையில் அசையாத செட்டிங் குளிர்ந்த அதிகாலையில், கணினியை ஆன் செய்த சில நிமிடங்களில் விழுவதற்கு இதுதான் காரணம். ஒரு சுற்று கோடையும் ஒரு சுற்று குளிரும் பார்க்காமல் எந்த செட்டிங்கையும் நான் முடிந்ததாகக் கணக்கில் எடுப்பதில்லை.

சரி, சூட்டுக்கு வருவோம். 5800எக்ஸ் சூடான சில்லு என்ற பெயர் எடுத்தது. எட்டுக் கோரும் ஒரே சிறு சிலிக்கான் துண்டில், சுமார் 80 சதுர மில்லிமீட்டரில் நெருங்கி இருக்கின்றன. 142 வாட் வரை இழுக்கும் ப்ராசசரில் பெரும்பங்கு வெப்பம் அந்தச் சின்ன இடத்திலிருந்துதான் வெளியேற வேண்டும். அதனால் முட்டுக்கட்டை கூலரில் இல்லை; சிலிக்கானிலிருந்து மேல் மூடிக்கு வெப்பம் கடக்கும் இடத்தில் இருக்கிறது. ஓரளவு நல்ல கூலர் வந்த பிறகு அதைவிடப் பெரிய கூலருக்கு மாறினால் ஒன்றிரண்டு டிகிரி கிடைக்கலாம், அவ்வளவுதான்.

பலன் தந்தது மின்சார வரம்பு. பயாஸில் பிபிடி என்ற அளவை 142 வாட்டிலிருந்து 115க்கு இறக்கினேன். முழு லோடில் 84 டிகிரி செல்சியஸ் பக்கம் இருந்தது 72 பக்கம் வந்தது. சினிபெஞ்ச் ஆர்23 என்ற வேகச் சோதனையின் மதிப்பெண் மூன்று, நான்கு சதவீதம் குறைந்தது. ஒரு மணி நேர என்கோடிங் இரண்டு நிமிடம் நீளும். ஒற்றைக் கோர் வேகத்தில் எந்த மாற்றமும் இல்லை, ஏனென்றால் அந்த வேலை இந்த வரம்பை நெருங்குவதே இல்லை. ஃபேன் சத்தம் குறைந்ததைக் காதே சொன்னது.

ஃபேன் சத்தத்தில் இன்னொரு எரிச்சலும் உண்டு. ஒரு பிரவுசர் டேபைத் திறந்தாலே ரைசனின் வெப்ப அளவு பத்துப் பதினைந்து டிகிரி துள்ளிவிட்டு உடனே இறங்கும். ஃபேன் அதைத் துரத்திக்கொண்டு 'விர்' என்று ஏறுவதும் இறங்குவதுமாக இருக்கும். அந்தத் துள்ளலில் ஹீட்சிங்க் சூடாகியிருக்காது. துரத்த வேண்டிய அவசியமே இல்லை. பயாஸில் ஃபேன் வேகம் மாற எடுத்துக்கொள்ளும் நேரத்தைச் சில நொடிகளுக்கு நீட்டி, 60 டிகிரி வரை ஃபேனை ஒரே வேகத்தில் வைத்தேன். அறை அமைதியானது.

கேபினட் முன்பக்கம் வலைத்தகடாக இருப்பது அவசியம். கண்ணாடி முகப்பு அழகுதான், காற்று வராது. தூசி வடிகட்டியை மாதத்துக்கு ஒருமுறை கழுவுகிறேன். உள்ளே காற்று அடிக்கும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். சுழல விட்டால் பேரிங் கெடும். தெர்மல் பேஸ்ட்டை ஒரே முறை மாற்றினேன். பெரிய வித்தியாசம் இல்லை.

இதையெல்லாம்விட எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது ரேம். 5800எக்ஸில் ரேம் 3600இல் ஓடினால் அதன் உண்மையான கடிகாரம் 1800 மெகாஹெர்ட்ஸ். சில்லின் பகுதிகளை இணைக்கும் உள்தடமான இன்ஃபினிட்டி ஃபேப்ரிக்கும் 1800இல் ஒன்றுக்கு ஒன்றாக ஓடும். அந்த இசைவு முக்கியம். 3800க்கும் 1900க்கும் தள்ளிப் பார்த்தேன். வியா-லாகரில் 19 என்ற எண்ணுடன் திருத்தப்பட்ட பிழைகள் வரிசையாக விழுந்தன. கணினி விழவில்லை, ஆனால் நொடிக்கு நொடி பிழை திருத்திக்கொண்டிருக்கும் கணினியில் என் வேலையை வைக்க மாட்டேன். 3600க்குத் திரும்பி டைமிங்கை (ஒவ்வொரு செயலுக்கும் ரேம் காத்திருக்கும் நேரத்தை) மட்டும் இறுக்கினேன்.

மெம்டெஸ்ட்86 என்ற ரேம் சோதனை முழுதாகத் தேறியது. ஆனால் கேம் விளையாடினால் அரை மணி நேரம் கழித்து மூடிக்கொண்டது. சென்சார் அளவுகளைக் காட்டும் எச்டபிள்யூஇன்ஃபோவில் ரேமின் வெப்ப அளவைப் பார்த்தபோது விஷயம் தெளிவானது. மெம்டெஸ்ட் ஓடும்போது 42 டிகிரி. கேம் ஓடும்போது கிராஃபிக்ஸ் கார்டின் சூடான காற்று நேராக மேலே வந்து ரேமை 53க்குக் கொண்டுபோனது. ரேம் தன் மின்னூட்டத்தைப் புதுப்பிக்க எடுக்கும் நேரமான டிஆர்எஃப்சி என்ற டைமிங்கை இறுக்கினால், ரேம் சூடாக ஆக அது தாங்குவது கடினமாகிறது. சூடான சில்லில் மின்னூட்டம் வேகமாகக் கசிவதுதான் காரணம். டைமிங்கைக் கொஞ்சம் தளர்த்தி, மேலே இருந்த ஃபேனை ரேம் பக்கம் நகர்த்தினேன். அதன்பின் கிராஃபிக்ஸ் கார்டை முழு லோடில் வைத்துக்கொண்டே ரேம் சோதனை ஓட்டுவதுதான் என் வழக்கம்.

ரேம் பிழையை ப்ராசசர் பிழையோடு ஒன்றாக எண்ணாதீர்கள். ப்ராசசர் தவறினால் பெரும்பாலும் கணினி விழுந்துவிடும், தெரிந்துவிடும். ரேம் தவறினால் சேமிக்கும் கோப்பில் ஒரு பிட் மாறிவிட்டு, எதுவுமே நடக்காத மாதிரி ஓடிக்கொண்டிருக்கும். நான்கு சதவீத ரேம் வேகத்துக்காகக் குடும்பப் படங்களைப் பணயம் வைக்க எனக்கு மனமில்லை.

ஆயுள் பற்றி எல்லோரும் கேட்பார்கள். வெப்பமும் வோல்டேஜும் சேர்ந்துதான் சில்லைத் தேய்க்கின்றன. இரண்டில் வோல்டேஜுக்குத்தான் நான் அதிகம் அஞ்சுகிறேன். ஓவர்கிளாக் செய்யாதவர்களுக்கும் இது பொருந்தும். 2023இல் சில ரைசன் 7000எக்ஸ்3டி சில்லுகள் கருகிய செய்திக்குப் பிறகு, ஏஎம்டி எஸ்ஓசி வோல்டேஜை (ப்ராசசருக்குள் ரேமைக் கட்டுப்படுத்தும் பகுதிக்குப் போவது) 1.3க்கு மேல் போகாமல் பூட்டியது. ரேம் ப்ரொஃபைலை ஒரு சொடுக்கில் ஆன் செய்தாலே சில மதர்போர்டுகள் அந்த வோல்டேஜை ஏற்றிவிட்டிருந்தன. 2024இல் இன்டெலின் 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் சில்லுகள் நிலையிழந்தபோது, இன்டெல் 0எக்ஸ்129 என்ற மைக்ரோகோடு (சில்லின் உள் மென்பொருள்) மூலம் 1.55 வோல்ட்டுக்கு மேல் சில்லு கேட்காதபடி செய்தது. உத்தரவாதத்தையும் இரண்டு ஆண்டு நீட்டியது. 'ஆட்டோ' என்று போட்டிருந்தால் பாதுகாப்பு என்று நம்பாமல், எந்த போர்டானாலும் வோல்டேஜ் எண்களை ஒருமுறை கண்ணால் பாருங்கள்.

இத்தனை காலத்தில் என் சில்லில் தேய்மானம் தெரிகிறதா? ஒரு கோருக்கு மட்டும் மைனஸ் 25 பற்றாமல் போய் மைனஸ் 22க்கு ஏற்ற வேண்டியிருந்தது. அது தேய்மானமா, புது பயாஸின் மாறுபட்ட நடத்தையா என்று பிரித்துப் பார்க்க வழியில்லை. மற்றவை அப்படியே நிற்கின்றன.

பயாஸ் அப்டேட்டில் இன்னும் ஒரு தொல்லை இருக்கிறது. சேமித்த ப்ரொஃபைல் புதிய பதிப்பில் திறக்காமல் போகலாம். என் போர்டில் அதுதான் நிலைமை. அப்டேட்டுக்கு முன் ஒவ்வொரு பக்கத்தையும் எஃப்12 அழுத்திப் பென்டிரைவில் படமாக எடுத்துக்கொள்கிறேன். அப்டேட் முடிந்ததும் பழைய எண்களை ஒரேயடியாகப் போடுவதில்லை: முதலில் ரேம், ஓர் இரவு சோதனை; அடுத்து கர்வ், கோர்சைக்ளருக்கு ஓர் இரவு; கடைசியாக பிபிடி. இப்படி ஒன்றன்பின் ஒன்றாகப் போனால், விழும்போது எதனால் விழுந்தது என்று தேடி அலைய வேண்டியதில்லை.