வீட்டு மழைமானி: 4 அங்குல உருளையா, வயர்லெஸ் கருவியா?

வீட்டில் வைக்க வாங்கும் மழைமானிகளில் பொருட்படுத்தத்தக்கவை இரண்டு ரகம். ஒன்று, கண்ணால் பார்த்து அளக்கும் 4 அங்குல பிளாஸ்டிக் உருளை. மற்றொன்று, வீட்டுக்குள் இருக்கும் திரையில் எண் காட்டும் வயர்லெஸ் கருவி. தொட்டியில் குத்தி வைக்கும் விரல் தடிமன் குழாய் வெறும் அலங்காரப் பொருள், அதை விட்டுவிடலாம். எவ்வளவு பெய்தது என்று தெரிந்தால் போதும் என்பவர்கள் யோசிக்காமல் உருளையை வாங்கலாம்.

1997 ஜூலையில் அமெரிக்காவின் ஃபோர்ட் காலின்ஸ் நகரம் வெள்ளத்தில் மூழ்கியது. அதைத் தொடர்ந்து 1998இல் கொலராடோவில் தொடங்கிய ‘கோகோராஸ்’ என்ற தன்னார்வலர் அமைப்பு இன்றும் இந்த உருளையை வைத்துத்தான் மழையை அளக்கிறது. அதன் வாய் விட்டம் 10.16 செ.மீ., பரப்பு 81 சதுர செ.மீ. புனலுக்கு அடியில் நிற்கும் அளவுக்குழாயின் பரப்பு அதில் பத்தில் ஒரு பங்குதான். அதனால் 1 மி.மீ. மழை குழாயில் 1 செ.மீ. உயரம் நிற்கும், வெறும் தூறலையும் தெளிவாகப் படிக்கலாம். சுமார் 25 மி.மீ.இல் குழாய் நிரம்பி, மீதி வெளி உருளையில் வழியும். மொத்தமாக 280 மி.மீ. வரை பிடிக்கும். அங்குலக் கோடு போட்ட மாடலும் விற்பனையில் உண்டு. அதை வாங்கினால் ஒவ்வொரு முறையும் 25.4ஆல் பெருக்க வேண்டும், எனவே மி.மீ. மாடலாகப் பார்த்து வாங்குங்கள்.

படிப்பதில் பலர் சறுக்குவது ஒரே இடத்தில்தான். குழாய் நிரம்பியிருந்தால் முதலில் அதிலுள்ள அளவைக் குறித்துக்கொண்டு கொட்ட வேண்டும். பிறகு வெளி உருளையில் தேங்கியதைப் புனல் வழியாகக் குழாயில் ஊற்றி, ஒவ்வொரு குழாயாக அளந்து கூட்ட வேண்டும். அவசரத்தில் முதல் குழாயைக் குறிக்காமல் கொட்டினால் 25 மி.மீ. கணக்கிலேயே வராது. நீர்ப்பரப்பு ஓரங்களில் மேலேறி நிற்கும், அதன் நடுப்பள்ளத்தைக் கண்மட்டத்தில் வைத்துப் படியுங்கள்.

வடகிழக்குப் பருவமழைக்கு 280 மி.மீ. போதாமல் போகும் நாளும் உண்டு. 2023 டிசம்பர் 18 காலை வரையிலான 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 செ.மீ. பெய்தது. சராசரி வேகத்திலேயே இந்த உருளை 7 மணி நேரத்தில் நிரம்பியிருக்கும். அதிகனமழை எச்சரிக்கை இருக்கும் இரவில் படுக்கப் போகும் முன் ஒரு முறை அளந்து கொட்டிவிடுங்கள், காலைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம்.

வயர்லெஸ் கருவிக்குள் சீசா பலகை போல ஏறி இறங்கி ஆடும் இரட்டைக் கிண்ணம் இருக்கிறது. ஒரு பக்கம் 0.2 அல்லது 0.3 மி.மீ. அளவுக்கு நிரம்பியதும் சாய்ந்து கொட்டும், காந்தமும் சுவிட்சும் அதை ஒன்றாக எண்ணும். இதில் கோளாறு வருவதே கொட்டித் தீர்க்கும் மழையில்தான். மணிக்கு 100 மி.மீ. வேகத்தில் 0.2 மி.மீ. கிண்ணம் 7.2 நொடிக்கு ஒரு முறை கவிழ வேண்டும். கவிழும் அந்தக் கணத்தில் விழும் நீர் ஏற்கனவே நிரம்பிய கிண்ணத்திலேயே போய் வீணாகும். மழை வலுக்க வலுக்க, காட்டும் அளவு உண்மையைவிடக் குறையும். மழை நின்று ஒரு மணி நேரம் ஆகியும் எண் மெல்ல ஏறிக்கொண்டே இருக்கிறதா? புனல் துளையில் வேப்பம்பூவோ சிலந்தி வலையோ அடைத்திருக்கிறது. மழையே இல்லாமல் ஏறினால் கம்பம் காற்றில் ஆடுகிறது என்று அர்த்தம். துணி காயப்போடும் கம்பியில் இதைக் கட்டக் கூடாது. அடித்தளத்தை ரசமட்டம் வைத்துச் சரிபார்ப்பதும் அவசியம், சாய்வாக இருந்தால் இரண்டு கிண்ணமும் சமமாக நிரம்பாது.

வாங்கியதும் சோதித்துப் பார்க்கலாம். புனல் வாயின் பரப்பைக் கணக்கிடுங்கள். 100 சதுர செ.மீ. என்றால் 100 மி.லி. நீருக்கு 10 மி.மீ. காட்ட வேண்டும். ஊசியால் ஓட்டை போட்ட பாட்டிலில் இருந்து அரை மணி நேரம் சொட்டவிட வேண்டும், மொத்தமாக ஊற்றினால் சோதனை பொய்யாகிவிடும்.

இத்தனைக்குப் பிறகும் வயர்லெஸ் கருவி வீண் என்று சொல்ல முடியாது. 10 செ.மீ. மழை ஒரு மணி நேரத்தில் பெய்ததா, பத்து மணி நேரத்திலா என்பதை உருளையால் சொல்லவே முடியாது. தெருவில் தண்ணீர் தேங்குவதும், காற்று சூடாக ஆக மழையின் வேகம் கூடுகிறதா என்ற கேள்வியும் அந்த நேரக் கணக்கைத்தான் கேட்கின்றன. இரண்டையும் வாங்க முடிந்தவர்கள் நேரத்தை இதிலும் அளவை உருளையிலும் எடுத்துக்கொள்ளலாம்.

எதை வாங்கினாலும் வைக்கும் இடம்தான் பாதி வேலை. சுவரோ மரமோ எவ்வளவு உயரமோ, அதைப் போல இரு மடங்கு தூரம் தள்ளி வையுங்கள். வானிலை ஆய்வு மையம் தன் மானியின் வாயைத் தரையிலிருந்து 30 செ.மீ. உயரத்தில் வைக்கிறது. உயரம் கூடினால் காற்று துளிகளை அடித்துக்கொண்டு போகும், குறைந்தால் மண் நீர் தெறித்து உள்ளே விழும். மொட்டை மாடி இரண்டாம்பட்சம்தான். வேறு இடம் இல்லையென்றால் கைப்பிடிச் சுவரை விட்டு நடுமாடிக்கு வாருங்கள்.

அளக்கும் நேரம் காலை 8.30. செய்தியில் வரும் மழையளவு முந்தைய நாள் 8.30 முதல் கணக்கு. 2015 டிசம்பர் 2ஆம் தேதி கணக்கில் தாம்பரத்துக்குப் பதிவான 49 செ.மீ. பெரும்பாலும் 1ஆம் தேதி பெய்ததுதான். நள்ளிரவில் பூஜ்ஜியமாகும் திரை எண்ணை அதோடு ஒப்பிட்டுவிட்டு, கருவி தவறு என்று திருப்பி அனுப்பாதீர்கள்.

உருளையில் பாசி படியும், பாட்டில் பிரஷ் போதும். நீரைத் தேக்கி வைத்தால் கொசு முட்டையிடும், தினமும் கொட்டுங்கள். வெயிலில் பிளாஸ்டிக் நாளடைவில் மஞ்சளாகி விரிசல் விடும். குழாய் உடைந்தாலும் உருளையைத் தூக்கி எறிய வேண்டாம். காலி எடையைச் சமையல் தராசில் பார்த்து, மார்க்கரால் அடியில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மழைக்குப் பிறகு எடை போட்டு, கூடியிருக்கும் கிராமை 8.1ஆல் வகுத்தால் மி.மீ. கிடைத்துவிடும்.