முக்கால் டன் டிரக்க வித்துட்டு ஒரு டன் எடுத்து பதினெட்டு மாசம் ஆச்சு

போன வாரம் டல்லாஸ்ல இருக்க நண்பர் ஒருத்தர் போன் பண்ணி, ஃபிஃப்த் வீல் டிரெய்லருக்கு (டிரக்குக்கு பின்னாடி இழுத்துட்டு போற வீடு) அட்வான்ஸ் குடுத்துட்டேன், டிரக் 2500ங்கற முக்கால் டன் எடுக்கவா, 3500ங்கற ஒரு டன் எடுக்கவான்னு கேட்டாரு. அரை மணி நேரம் பேசியும் எனக்கு மனசு ஆறல, அதான் முழுசா எழுதிடலாம்னு உக்காந்துட்டேன். முக்கால் டன் பிக்கப் டிரக் மூணு வருஷம் வச்சிருந்தேன், இப்ப ஒரு டன் பதினெட்டு மாசமா ஓடுது, ரெண்டுமே டீசல், நாலு கதவு க்ரூ கேப், ஃபோர் வீல் டிரைவ், ஹூஸ்டன்ல ஓடுற வண்டி. பவர், டார்க் எல்லாம் உங்களுக்கே தெரியும், அதுக்குள்ள போகல.

முக்கால் டன், ஒரு டன்னுங்கறது எல்லாம் பழைய காலத்து பேரு. அந்தக் காலத்துல 1,500 பவுண்டு ஏத்துனா முக்கால் டன், 2,000 பவுண்டு ஏத்துனா ஒரு டன். இப்ப வர்ற எஃப் 250, ராம் 2500 எல்லாமே அத விட நிறையவே தூக்கும். அதனால பேர வச்சு ஒண்ணும் முடிவு பண்ண முடியாது. டிரைவர் கதவ தொறந்தா தூண்ல ஒரு மஞ்சள் ஸ்டிக்கர் இருக்கும் பாருங்க, ஆளும் சாமானும் சேர்ந்து இத்தன கிலோ, இத்தன பவுண்டுக்கு மேல போகக்கூடாதுன்னு போட்டிருக்கும், அதுதான் முதல்ல பாக்க வேண்டிய கணக்கு. வாங்குற அன்னிக்கு நான் அத படிக்கவே இல்ல. சேல்ஸ்மேன் 18,000 பவுண்டு இழுக்கும் சார், கண்ண மூடிட்டு எடுங்கன்னு சொன்னாரு, நானும் எடுத்தேன்.

அவர் சொன்னது பொய் இல்ல, ஆனா பாதி உண்மைதான் சொன்னாரு. இழுக்கறது வேற, முதுகுல சுமக்கறது வேற. ஃபிஃப்த் வீல்ங்கறது பின்னாடி பம்பர்ல மாட்டுற டிரெய்லர் இல்லையே, பெட்டுக்கு (பின்னாடி சாமான் ஏத்துற தொட்டி) நடுவுல, ஆக்சிலுக்கு மேல வந்து உக்காரும். டிரெய்லர் வெயிட்ல சுமார் 20 சதவீதம் டிரக் தலையில இறங்கும். எங்க டிரெய்லர் சாமான், தண்ணி எல்லாம் ஏத்துனா 11,600 பவுண்டு, அதுல 2,320 டிரக் மேல. என் முக்கால் டன் ஸ்டிக்கர்ல இருந்தது 2,150. அதாவது நாங்க ஒருத்தர் கூட வண்டில ஏறாமலே லிமிட் தாண்டிடுச்சு!

இது எனக்கு எப்ப தெரிஞ்சுது தெரியுமா, வாங்கி எட்டு மாசம் கழிச்சு. ஃபிரெடரிக்ஸ்பர்க் பக்கம் போறோம், பின்பக்கம் உக்காந்து மூக்கு தூக்கிட்டு நிக்குது, எதுத்தாப்ல வர்றவன் எல்லாம் ஹைபீம்னு நெனச்சு லைட் அடிக்கிறான், பக்கக் காத்து அடிச்சா ஸ்டியரிங் லேசா மிதக்குது. வீட்டம்மா ஏங்க வண்டி ஆடுதுன்னு கேட்டா, நான் ரோடு அப்படின்னு சமாளிச்சுட்டு, அடுத்த டிரக் ஸ்டாப்புல கேட் ஸ்கேல்ல ஏத்திட்டேன். நம்ம ஊர்ல எடை மேடைன்னு போர்டு இருக்குமே அதேதான். முன் ஆக்சில், பின் ஆக்சில், டிரெய்லர்னு தனித்தனியா வெயிட் போட்டு சீட்டு குடுப்பாங்க. இன்னும் கிளவ் பாக்ஸ்ல இருக்கு அந்த சீட்டு. 4,900, 6,080, 9,280. முதல் ரெண்டும் கூட்டுனா டிரக் மட்டும் 10,980, வண்டியோட சொந்த எடையும் லோடும் சேர்ந்து லிமிட் 10,000. 980 பவுண்டு ஓவர்லோடு, பின்னாடி சீட்ல என் ரெண்டு புள்ளைங்க தூங்கிட்டு இருக்காங்க. வயித்துல புளிய கரைச்ச மாதிரி ஆயிடுச்சு.

அப்புறம் பண்ண தப்புதான் பெரிய தப்பு. ஒரு ஷாப்ல ஏர் பேக் (விபத்துல விரியறது இல்ல, பின் ஸ்பிரிங்குக்கு துணையா வைக்கிற காத்துப் பை) போட்டா முக்கால் டன் ஒரு டன் ஆயிடும்னு சொல்லி தலையில கட்டுனாங்க. போட்டேன். பின்பக்கம் தூக்கிக்கிச்சு, பாக்க நல்லா லெவலா நிக்குது. ஆனா ஸ்டிக்கர்ல இருக்க நம்பர் ஒரு பவுண்டு கூட மாறாது, பிரேக், வீல், ஆக்சில், டயர் எல்லாம் அதே பழசுதானே. அடுத்த கோடையில ஒரு பக்க ஏர் லைன் லீக் ஆகி, நடு ரோட்ல வண்டி ஒரு பக்கமா சாஞ்சு நின்னுச்சு. அன்னிக்கே விக்கறதுன்னு முடிவு பண்ணேன். புதுசா வாங்கும்போது முக்கால் டன்னுக்கும் பின்னாடி பக்கத்துக்கு ஒரு சக்கரம் வர்ற ஒத்தை வீல் ஒரு டன்னுக்கும் விலையில பெரிய வித்தியாசம் கிடையாது, ஆனா நான் வித்து மாத்துனதுல போனது 14,000 டாலர். எழுதும்போதே கை நடுங்குது.

இந்த 10,000 ஏன்னு கேட்டா, 10,000 பவுண்டு வரைக்கும் ஒரு கிளாஸ், 10,001ல இருந்து அடுத்த கிளாஸ். தொழிலுக்காக ஸ்டேட் விட்டு ஸ்டேட் ஓட்டுனா 10,001ல இருந்து டாட் நம்பர் (அமெரிக்க போக்குவரத்துத் துறை பதிவு எண்) எல்லாம் எடுக்கணும். அதனால நெறைய முக்கால் டன் வண்டிங்கள சரியா 10,000லயே நிறுத்தி விக்கிறாங்க. டீசல் எஞ்சின் பெட்ரோல் எஞ்சின விட பல நூறு பவுண்டு கனம், மொத்த லிமிட் அதே 10,000ன்னா அந்த கனம் நம்ம லோடுல இருந்துதான் கழியும். பெட்ரோல் முக்கால் டன் வாங்கியிருந்தா என் டீசல விட அதிகமா சுமந்திருக்கும், இத எனக்கு ஒருத்தரும் சொல்லல. சன்ரூஃப், லெதர், விலை ஒசந்த மாடல்னு போகப் போக இன்னும் குறையும். எஃப் 350 கூட 10,000க்கு குறைச்சு ஸ்டிக்கர் ஒட்டி வாங்க முடியும், அதனால 350ன்னு பேர் இருந்தாலே போதும்னும் நினைக்காதீங்க. நண்பர் கிட்ட சொல்லிட்டேன், எந்த வண்டி எடுக்கறீங்களோ அதே வண்டியோட கதவு ஸ்டிக்கர போட்டோ எடுத்து அனுப்புங்க, கையெழுத்து எல்லாம் அப்புறம்.

இப்ப இருக்க ஒரு டன் ஸ்டிக்கர் 3,980. டிரெய்லர், நாங்க நாலு பேரு, டிரெய்லர கோர்க்கற ஹிட்ச், டூல்ஸ் எல்லாம் ஏத்தியும் 850 பவுண்டு மிச்சம். டிரெய்லர் மாட்டிட்டு ஐ 10ல மேற்கால போனா வண்டி அப்படியே தரையோட ஒட்டிட்டு போகுது, பெரிய லாரி பக்கத்துல உரசுற மாதிரி போனாலும் அசையல. வீட்டம்மா பக்கத்துல தூங்குறா, அதுக்கு மேல என்ன சர்டிஃபிகேட் வேணும். பின்னாடி நாலு சக்கரம் வர்ற டியூவலி எனக்கு தேவைப்படல, எட்டடி அகலத்த வச்சுட்டு சிட்டில பார்க்கிங் தேடறது பெரும்பாடு.

ஆனா டிரெய்லர் இல்லாம ஓட்டுறப்ப இருக்கே, அத யாரும் சரியா சொல்றதில்ல. நான் டிரெய்லர் மாட்டுறது வருஷத்துல நாப்பது நாள், மீதி 325 நாள் காலி வண்டி. பின்னாடி கெட்டியான பட்டை ஸ்பிரிங், டயர்ல 80 பிஎஸ்ஐ காத்து, ஹூஸ்டன் ரோடெல்லாம் கான்கிரீட், ஒவ்வொரு இணைப்புலயும் தடக் தடக்னு முதுகுத்தண்டுல அடிக்கும். அம்மா ஊர்ல இருந்து வந்திருந்தாங்க, 288ல பியர்லேண்ட் மீனாட்சி கோயிலுக்கு கூட்டிட்டு போனேன். மடியில பாயசத் தூக்கு. ஒவ்வொரு ஜாயிண்ட்டுக்கும் மூடி கிணுகிணுங்குது, அவங்க ரெண்டு கையாலயும் மூடிய அமுக்கிப் பிடிச்சுட்டு ஒரு வார்த்தை பேசல. இறங்குறப்ப சேலையில பாயசம், இடுப்ப பிடிச்சுட்டு, "மெதுவாதான் ஓட்டுனியாப்பா?"ன்னு கேட்டாங்க. நான் ஓட்டுனது 55 மைல் வேகம்தான். பழைய முக்கால் டன்ல அதே ரோட்ல அதே அம்மா நல்லா தூங்கிட்டு வந்திருக்காங்க.

எத்தன எடைக்கு எவ்ளோ காத்துன்னு சொல்ற டயர் கம்பெனியோட லோடு டேபிள் பாத்து காலியா ஓட்டுறப்ப பின்னாடி 60க்கு இறக்குறேன். கொஞ்சம் தேவலாம். ஆனா டயர்ல காத்து கம்மின்னு டேஷ்ல மஞ்சள் லைட் வந்து நிக்கும், டிரெய்லர் மாட்டுறதுக்கு முன்னாடி மறுபடி 80க்கு ஏத்தணும், ஆகஸ்ட் வெயில்ல டிரைவ்வேல மண்டி போட்டு உக்காந்து அந்த குட்டி கம்ப்ரெஸர பிடிச்சுட்டு இருக்கணும், ஒவ்வொரு ட்ரிப்புக்கும் இதே வேலை.

நண்பருக்கு என் பதில் ஒரு டன்தான், டீசல்னா யோசிக்கவே வேணாம், புள்ளைங்கள வச்சுட்டு போற வண்டில 980 பவுண்டு ஓவர்லோடுங்கறது விளையாட்டு இல்ல. ஆனா என்னைய கேட்டா, சின்னவன் காலேஜ் போனதும் டிரெய்லர வித்துருவேன், அதுக்கு மறுநாளே இந்த டிரக்கும் போயிடும், பெட்ரோல்ல ஒரு முக்கால் டன் எடுத்துருவேன். நவம்பர்ல அம்மா மறுபடி வராங்க. அது வரைக்கும் கோயிலுக்கு வீட்டம்மா கார்தான்.